மழைக்கு முன்னே அணி திரள்வோம்!

ஆனைகட்டி முதல் குமுளி வரை, எல்லையோரக் கிளைகளின் மின்பணித் தோழர்களுக்கு



தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் வழக்கமான தேதி ஜூன் 1. ஓராண்டு முந்தும், ஓராண்டு பிந்தும். வந்துவிட்டால் அதற்கு வாளையாறும் ஒன்றுதான், குமுளியும் ஒன்றுதான். எந்தச் செக்போஸ்ட்டிலும் நின்று பெர்மிட் காட்டிவிட்டு அது வருவதில்லை. நமக்கு மிச்சமிருப்பது சில வாரங்கள். அதற்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். அதற்காகத்தான் ஆனைகட்டியிலிருந்து இந்த அறைகூவல்.

கேட்க வந்தது இதுதான். மண் சரிந்து, கம்பம் சாய்ந்து, ஒரு மலைக்கிராமம் இருட்டில் கிடக்கிறது என்று நள்ளிரவில் போன் வந்தால், விடியும்போது உங்கள் கிளையிலிருந்து யார் யார் கிளம்புவீர்கள்? பெயர் சொல்லுங்கள். யார் கையில் மெகர் இருக்கிறது? யார் வீட்டில் ஏணி இருக்கிறது? யார் வண்டி மலை ஏறும்? யாரிடம் கேரளப் பெர்மிட், யாரிடம் தமிழ்நாட்டு லைசென்ஸ்? கிளைச் செயலாளர் பதிவேட்டைப் புரட்டாமல் இதற்குப் பதில் சொன்னால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் அங்கே பெயர்ப்பலகைதான் இருக்கிறது.

தலைவர் வருகிறார், பராக்!

சங்கத் தலைவன் என்ற முறையில் கிளைக்குக் கிளை வந்துகொண்டிருக்கிறேன். போகும் ஊரெல்லாம் ஒரே காட்சி. வாசலில் பிளெக்ஸ், மேடையில் பொன்னாடை. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. பிறகு குரூப் போட்டோ, அதற்குப் பிறகு பிரியாணி. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். "தலைவரே, போன மழையில் பக்கத்து எஸ்டேட் லயத்தில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. நம் கிளை என்ன செய்தது?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்க நினைத்திருப்பார். அந்த ஐந்து நிமிடம் மட்டும் நிகழ்ச்சி நிரலில் இருக்காது.

இனி என் வருகைக்குப் பொன்னாடை வேண்டாம். ஒரு சால்வை வாங்கும் காசில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வையுங்கள். மேடை வேண்டாம், தரையில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தன் கருவிப் பையைக் கொட்டிக் காட்டட்டும். டெஸ்டர் எரிகிறதா, பிளேயரின் பிடியில் இன்சுலேஷன் வெடித்திருக்கிறதா, மெகரின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அடுத்து, ஒரு பழைய டிபி பெட்டியைச் சேற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்து வைப்போம். இளைய தோழர் அதைத் திறந்து, கழற்றி, சோதித்துக் காட்டட்டும். மூத்த தோழர் பக்கத்தில் நின்று திருத்தட்டும். அதன் பிறகு பேச நேரமிருந்தால் பேசலாம். கிளை வருகை என்றால் இனி இதுதான். தலைவர் என்று ஒருவர் ஊர் ஊராக வருவதற்கு வேறு என்ன நியாயம் இருக்கிறது?

ஏன் ஆனைகட்டி?

ஆனைகட்டி என்ற பெயர் எல்லையின் இரு பக்கமும் உண்டு. இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சோளையூர் பஞ்சாயத்து. நடுவே ஒரு பாலம், ஒரு செக்போஸ்ட். கோவைக்குச் சாமான் வாங்கப் போகிறவரும், கோட்டத்துறை பழங்குடியினர் மருத்துவமனைக்கு மருந்துக்குப் போகிறவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

அட்டப்பாடியில் அகளி, புதூர், சோளையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். மலைச்சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊருகள். இந்த மக்கள் கேரளத்தின் மற்றப் பகுதிகளுக்குப் போக முக்கிய வழி, முக்காலியைத் தாண்டி மண்ணார்க்காட்டுக்கு இறங்கும் சுரம். பெருமழையில் அந்தச் சுரத்தில் மண்ணும் பாறையும் மரமும் சரிந்து பாதை அடைபட்டதை 2018-லும் 2019-லும் பார்த்தோம். சுரம் மூடினால் அட்டப்பாடிக்கு மிஞ்சுவது கிழக்கு வாசல்தான். அந்த வாசல் ஆனைகட்டி. அந்த நேரத்தில் பாலக்காட்டிலிருந்து வர வேண்டிய ஆள் வர முடியாது. மாங்கரை வழியாகக் கோவைத் தோழர் வர முடியும்.

இடுக்கியிலும் இதே கதைதான். மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில் பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்தில் போனது. அதன் பிறகு போட்ட தற்காலிகப் பாலமும் மழைக்கு மழை அடிபட்டது. மூணாறிலிருந்து போடிமெட்டுக்கு வரும் வழியில் கேப் ரோடு சரிந்து சரிந்து விழுந்ததையும் அறிவீர்கள். மேற்கே சாலை அறுந்தால் மறையூருக்கு உடுமலைதான் பக்கம். சின்னாறு வழியாகப் போய்ச் சேரலாம். சூரியநெல்லிக்கும் பூப்பாறைக்கும் போடிநாயக்கனூர்தான் பக்கம். குமுளிக்குக் கம்பமும் கூடலூரும்தான் பக்கம்.

கேரள ஆறுகளில் கிழக்கே பாய்பவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பவானி அட்டப்பாடியைக் கடந்து நம் பில்லூருக்கு வருகிறது. பாம்பாறு மறையூர்ப் பக்கமிருந்து அமராவதிக்கு இறங்குகிறது. சிறுவாணி அணை அந்தப் பக்கம், அதன் தண்ணீரைக் குடிப்பது கோவை. கோவைக் குழாயில் வரும் தண்ணீருக்கு எல்லை கிடையாதென்றால் கோவை வயர்மேனின் கைக்கு மட்டும் எல்லை எதற்கு?

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள்

2018 ஆகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 9 அன்று இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் ஷட்டர் திறந்தார்கள். 1992-க்குப் பிறகு அன்றுதான். அடுத்த நாள் ஐந்து ஷட்டர்களும் திறந்தன. அதே மாத நடுவில் மாநிலம் முழுவதும் மூழ்கியது. 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கேரள மின்வாரியத்துக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன. பல்லாயிரம் டிரான்ஸ்பார்மர்கள் நின்றுபோயின. துணைமின் நிலையங்களுக்குள்ளேயே தண்ணீர்.

வாரியம் 'மிஷன் ரீகனெக்ட்' என்று பெயரிட்டு இறங்கியது. ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள், வயர்மேன்கள், ஐடிஐ மாணவர்கள் வந்தார்கள். வீட்டு வயரிங் கெட்டுப்போன இடங்களில் ஓர் ஈஎல்சிபி, ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் கொண்ட தற்காலிக இணைப்பைக் கொடுத்தார்கள். போனைச் சார்ஜ் போடலாம், குழந்தைக்கு வெளிச்சம் கிடைக்கும், மிக்சி ஓடும்; முழு வயரிங்கைச் சரி செய்யும் வரை ஒரு குடும்பம் வீட்டில் தங்கலாம். எளிய யோசனைதான். அந்த ஒரு விளக்கு எரிந்ததும் முகாமிலிருந்து எத்தனை குடும்பங்கள் வீடு திரும்பின! அந்த மாதம் முடிவதற்குள் பெரும்பாலான இணைப்புகள் மீண்டும் உயிர் பெற்றன.

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைந்த தோழர்களுக்கு அங்கே இருப்பது என்னவென்று தெரியும். சுவரில் இடுப்பளவுக்குக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் வண்டல். சுவிட்ச் போர்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பழுப்பு நிறத் தண்ணீர் கையில் வழியும். ஜங்ஷன் பாக்ஸுக்குள் மண்புழு. மீட்டர் பெட்டிக்குள் பாம்பு சுருண்டிருக்கலாம். குச்சியால் தட்டாமல் கை விடாதீர்கள். வீட்டுக்காரம்மா ஈரச் சேலையோடு வாசலில் நின்று, "மோனே, மெயின் போட்டுப் பார்த்தால் என்ன?" என்பார். போடக் கூடாது! அந்த ஒரு நொடி அவசரத்தில் போகிற உயிர் எவ்வளவு என்று நம் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

வேலையின் வரிசையைக் கிளைதோறும் மனப்பாடமாக்குங்கள். முதலில் மெயினை இறக்கு. இன்வெர்ட்டர், சோலார், ஜெனரேட்டர் மூன்றையும் தனித்தனியாகப் பிரி. நனைந்த எம்சிபி, ஆர்சிசிபி எதையும் காயவைத்துத் திரும்பப் போடாதே. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டு. பைப்பில் நிற்கும் தண்ணீரை வடி, காற்றாட விடு. 500 வோல்ட் மெகரை வைத்து இன்சுலேஷனைப் பார். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்தச் சர்க்யூட்டைத் தொடாதே. எர்த் குழியைப் பார். மண் அரித்துப் போயிருந்தால் எர்த் இருப்பதாக நம்பாதே. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் எந்த வீட்டுக்கும் உயிர் கொடுக்காதே. கடைசியில் கதவில் ஒரு சீட்டு ஒட்டு: யார் பார்த்தது, என்றைக்கு, எந்தச் சர்க்யூட் சரி, எந்தச் சர்க்யூட் சரியில்லை. அடுத்து வருபவன் உன் சீட்டை நம்பித்தான் கை வைப்பான்.

ஜெனரேட்டர் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். ஊரே இருட்டாக இருக்கும்போது ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரை நேராகப் பிளக்கில் செருகிவிடுவார். அந்தக் கரண்ட் வீட்டு வயரிங் வழியாகத் திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி, 11 கேவி லைனில் நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறதென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய வாரியத் தொழிலாளி அங்கே என்ன ஆவார்? ஒவ்வொரு கடையிலும் திருமண மண்டபத்திலும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து வைப்பது கிளையின் கடமை. பேரிடர் மீட்பு மே மாதத்திலேயே தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெட்டிமுடி

தோழர்களே, 2020 ஆகஸ்ட் 6 இரவை எல்லைக் கிளைகள் எதுவும் மறக்க முடியாது. ராஜமலைக்கு அப்பால், பெட்டிமுடியில், தேயிலைத் தோட்ட லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தமிழர்கள், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள், அவர்களின் பிள்ளைகள். கயத்தாறு பக்கம் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் பல.

அன்று இரவு அங்கே கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. மண்ணுக்குள் மனிதர்கள் கிடக்க, செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. வந்த செய்தியைக் கேட்டு ஓடியவர்களையும் உடைந்த பாலமும் மழையும் மறித்தன. அந்த இரவில் ஒரு டவருக்குப் பேட்டரி இருந்திருந்தால், ஒரு லயத்தில் சோலாரில் சார்ஜ் ஏறிய ஒரு வயர்லெஸ் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. உதவி இன்னும் முன்னால் கிளம்பியிருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். மின்சாரம் வசதிக்காக என்று நினைக்கிறவர்களுக்குப் பெட்டிமுடியைக் காட்டுங்கள். மலைமேல் இருப்பவனுக்கு மின்சாரம்தான் குரல்.

எனவே மூணாறு, மறையூர், போடி, உடுமலைக் கிளைகளுக்கு இந்த மாதம் ஒரு தனி வேலை. உங்கள் பகுதியில் சாலை அறுந்தால் தனித்துப் போகிற லயங்கள் எவை, ஊருகள் எவை என்று பட்டியல் எடுங்கள். அங்கங்கே ஒரு சிறிய சோலார் பேனல், ஒரு பேட்டரி, நாலு சார்ஜிங் பாயிண்ட். இதற்குப் பஞ்சாயத்தையும் தோட்ட நிர்வாகத்தையும் கேளுங்கள். பொருள் அவர்கள் தரட்டும், மாட்டிக் கொடுக்கும் உழைப்பு நம்முடையது.

போனவர்கள், வந்தவர்கள்

2018 வெள்ளத்துக்கு மூன்றே மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்போது கேரள மின்வாரியத் தொழிலாளர்கள் எல்லை தாண்டி வந்து நம் வயல்களில் நின்று கம்பம் நட்டார்கள். தங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக்கோடு இன்னும் மங்காத மனிதர்கள் அவர்கள். அந்தக் கடனை வட்டியோடு திருப்பித் தருகிற வாய்ப்பு ஒவ்வொரு மழையிலும் நமக்கு வருகிறது.

நம்மைப் போன்றவர்கள் உலகில் வேறெங்கும் இல்லையா என்றால் இருக்கிறார்கள். பிரான்சில் மின்பணியாளர்கள் 1986-ல் 'எல்லைகளற்ற எலக்ட்ரீஷியன்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சம்பளம் வாங்காமல், நிலநடுக்கம் நடந்த ஹைதி வரைக்கும் போய் மருத்துவமனைக்கும் முகாமுக்கும் வெளிச்சம் கொடுத்தவர்கள். அவர்கள் கடல் தாண்டுகிறார்கள். நாம் தாண்ட வேண்டியது ஒரு செக்போஸ்ட்.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது என்பதை 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையில் பார்த்தோம். நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்த இடம் அது. ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 190 அடி நீளத்துக்குப் பெய்லி பாலத்தை இரண்டே நாளுக்குள் போட்டு முடித்தது. பயிற்சி, பொருள், கட்டளை வரிசை மூன்றும் முன்கூட்டியே இருந்ததால் அது முடிந்தது. இன்னொரு பக்கம், உதவ வேண்டும் என்ற தவிப்போடு வண்டி வண்டியாக வந்த கூட்டத்தை முறைப்படுத்துவதே அதிகாரிகளுக்கு ஒரு வேலையாகிப் போனது. பதிவு செய்தவருக்கும் தொழில் தெரிந்தவருக்கும்தான் உள்ளே இடம். நாம் தொழில் தெரிந்தவர்கள். பதிவுதான் பாக்கி.

கேட்கக்கூடிய கேள்விகள்

"தலைவரே, நான் அன்றாடக் கூலி. மூன்று நாள் போனால் என் வீட்டு அடுப்பு?" நியாயமான கேள்வி. யாரையும் பட்டினி போட்டுச் சேவை கேட்கவில்லை. ஓர் ஆளுக்குத் தொடர்ந்து மூன்று நாள், அதற்கு மேல் கிடையாது. அடுத்த அணி மாற்றும். சாப்பாடும் டீசலும் சங்கத்தின் பொறுப்பு. கூலி இழக்கிறவருக்குக் கிளை நிதியிலிருந்து ஈடு. அதற்காக இந்த ஆண்டு ஆண்டுவிழா மேடையையும் ஆர்கெஸ்ட்ராவையும் விட்டுவிட வேண்டும். விடுவோமா? கை தூக்குங்கள்.

"எனக்கு ஏதாவது ஆனால்?" பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அதன் ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. நம் கெடுவும் மே 31. இதுவரை சேராதவர் இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். 2 லட்சம் பெரிய தொகை இல்லை என்று தெரியும். அதன் மேல் சங்கத்தின் குழுக் காப்பீட்டுக்கு வேலை நடக்கிறது. இந்த இருபது ரூபாய்ச் சீட்டு இல்லாதவர் பெயரை அணிப் பட்டியலில் எழுதாதீர்கள்.

"என் லைசென்ஸ் தமிழ்நாட்டுடையது. அந்தப் பக்கம் போய் கை வைக்கலாமா?" வைக்கலாம் என்று நினைத்து வம்பில் மாட்டாதீர்கள். உரிமம் தருவது அந்தந்த மாநில லைசென்சிங் போர்டு. எனவே அணி கலப்பாகத்தான் இருக்க வேண்டும். கேரளப் பெர்மிட் உள்ள தோழர் பொறுப்பில் நிற்பார். அவர்தான் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். நாம் கழற்றுவோம், கழுவுவோம், காயவைப்போம், அவர் சொல்படி மாற்றுவோம். டெல்டாவில் புயல் அடித்தால் இதே ஏற்பாடு தலைகீழாக. இதில் பெருமைச் சண்டைக்கு இடமில்லை.

"கம்பம், லைன், டிரான்ஸ்பார்மர்?" தொடாதீர்கள். மீட்டருக்கு அந்தப் பக்கம் வாரியம், இந்தப் பக்கம் நாம். அறுந்த வயரைப் பார்த்தால் ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு 1912-க்குச் சொல்லுங்கள். வீரம் காட்டுகிற இடம் அதுவல்ல.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை அல்லவா?" ஆம், அரசாங்கத்தின் வேலைதான். கேட்டு வாங்குவோம், விடமாட்டோம். ஆனால் வாரியத்து லைன்மேன் ஒருவர் ஊருக்கே கரண்ட் கொண்டுவந்து டிரான்ஸ்பார்மரில் நிறுத்திய பின்பு, நனைந்த வீடு ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து பார்க்க அவருக்கு இருபது கை கிடையாது. அந்தக் கைகள் நம்மிடம் இருக்கின்றன. பார்த்துக்கொண்டு நிற்பது தொழிலாளிக்கு அழகா?

கோவைத் தோழர்களுக்கு ஒரு சொல். வெள்ளம் வடிந்ததும் கரண்டை விடப் பெரிய பஞ்சம் குடிநீருக்கு. கிணற்று மோட்டார் எல்லாம் சேற்றில் மூழ்கிக் கிடக்கும். கழற்றி, சுத்தமாக்கி, காயிலை உலர்த்தி, பேரிங் மாற்றி, வார்னிஷ் பூசி, மெகர் பார்த்து ஓடவைக்கத் தெரிந்தவர்கள் உங்களைப் போல் எங்கே இருக்கிறார்கள்? காயில் எரியாத மோட்டாரை ரீவைண்டிங் செய்யாமலே காப்பாற்றலாம் என்பது உங்களுக்குத் தெரியும்; பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் புதிது வாங்கக் கடன் வாங்குவார். ரீவைண்டிங் பட்டறைத் தோழர்கள் ஒரு வேனில் அடுப்பும் மேசையும் ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரு வார்டுக்கே தண்ணீர் கொடுத்துவிடலாம். பீளமேடும் கணபதியும் இதற்கு முன்வர வேண்டும்.

மே 31-க்குள் முடிக்க வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு கிளையும் பத்துப் பேர் கொண்ட மீட்பணி ஒன்றை அமைக்கட்டும். அதில் இருவராவது பெண்கள். ஆண்களை உள்ளே விடத் தயங்குகிற வீடுகள் முகாம் நாட்களில் நிறைய உண்டு. ஐடிஐ முடித்த நம் தோழியர் கைத்தொழிலில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

இரண்டு: கேரளத் தோழர்கள் சமூக சன்னத்த சேனையிலும், தீயணைப்புத் துறையின் சிவில் டிபென்ஸிலும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுத் தோழர்கள் ஆப்த மித்ரா பயிற்சிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவை அணுகுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அந்த எண் ஒவ்வொரு கிளைச் சுவரிலும் இருக்கட்டும். அவர்கள் அழைக்காமல், அவர்களுக்குத் தெரியாமல் எந்த அணியும் கிளம்பக் கூடாது.

மூன்று: அணிக்கு ஒரு பெட்டி. மெகர் ஒன்று, மல்டிமீட்டர் இரண்டு, ரப்பர் கையுறை, பூட்ஸ், தலைவிளக்கு, எம்சிபி, ஆர்சிசிபி, ஒற்றை விளக்கும் ஒற்றைப் பிளக்கும் கொண்ட தயார் போர்டுகள், முதலுதவி. போர்டுகளை இப்போதே செய்து அடுக்குங்கள்; மழையில் உட்கார்ந்து ஸ்க்ரூ தேடக் கூடாது.

நான்கு: உடம்பு. 2018-ல் தண்ணீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வந்தது. துப்புரவுக்குச் சேற்றில் இறங்கிய தொண்டர்களையும் அது விடவில்லை. காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம். மற்றவர்கள் கிளம்பும் முன் சுகாதார நிலையத்தில் கேட்டு டாக்சிசைக்ளின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: கை நீட்டக் கூடாது. பாதிக்கப்பட்ட வீட்டில் கூலி இல்லை, டிப்ஸ் இல்லை, "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" இல்லை. பொருளுக்கான பில் பஞ்சாயத்து வழியாக. அழுதுகொண்டு நிற்கிற வீட்டின் முன் செல்பி எடுப்பவர் யாராக இருந்தாலும் அணியிலிருந்து அன்றே வீட்டுக்கு. இதில் தலைவருக்கும் விலக்கு இல்லை.

ஆறு: இரட்டைக் கிளை. எல்லையின் இந்தப் பக்கத்துக் கிளை ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் ஒரு கிளையோடு சேரட்டும். ஆனைகட்டிக்கு அகளி, உடுமலைக்கு மறையூர், போடிக்கு மூணாறு, கம்பத்துக்குக் குமுளி. செயலாளர்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசி, நேரில் பார்த்து, சாலைகளையும் ஊருகளையும் சேர்ந்து சுற்றி வரட்டும். மாங்கரைக்கு மேலே இருட்டிய பிறகு யானை நிற்கும். எந்த வளைவில் நிற்கும் என்று உள்ளூர்த் தோழருக்குத்தான் தெரியும். பேரிடரில் ஒருவருக்கொருவர் புதிய முகமாக இருக்கக் கூடாது.

தோழர்களே!

1932-ல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்தில் கோவை ஆலைகள் சுழன்றன. 1940-ல் மூணாறுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் சுழலத் தொடங்கியது. இந்த மலைகள்தான் இரு மாநிலத்துக்கும் வெளிச்சம் தந்தவை. இந்த மலைகள் மேல் வாழ்கிறவன் மட்டும் ஒவ்வொரு மழையிலும் இருட்டில் கிடக்க வேண்டுமா? இதை நாம் சகிக்கலாமா?

மேடையும் மாலையும் இல்லாத கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். என்னைக் கூப்பிடுங்கள், கருவிப் பையோடு வருகிறேன், தரையில் உங்களோடு உட்காருகிறேன். மே மாதக் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பத்துப் பத்துப் பேராக, பெட்டியோடு, ஆனைகட்டியில் ஒன்றுகூடுங்கள். அன்று பெயர் வாசிக்கப்படும்போது எந்தக் கிளையின் பெயருக்கும் மௌனம் பதிலாக இருக்கக் கூடாது.

பெயரைக் கொடுங்கள். பெட்டியைக் கட்டுங்கள். மழை வருவதற்குள் வந்து சேருங்கள்!